ஆரஞ்சு பிளக்

58ஆம் நாள், செவ்வாய், 09:40
செவி-4 நிலையம், நிலவின் மறுபக்கம். எழுதுவது அமலோற்பவம் பர்னாந்து, ஒலிப் பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். தரைக்குள் எழும் அதிர்வுகளைப் பதிவு செய்து துணைக்கோள் வழியே பூமிக்கு அனுப்புவது வேலை. இன்று ஏழு. அனுப்பியாயிற்று. மூச்சுக்காற்று 80ஆம் நாள் வரை. என்னை அழைத்துப்போகும் கப்பல் 70ஆம் நாள் வரும்.

ஹெட்செட்டின் வலது காது செத்துவிட்டது. மாற்று ஒன்று வையுங்கள் என்று புறப்படும்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன். எடை கூடுமாம். வழியனுப்பு விழாவில் கட்டுப்பாட்டு அறைத் தலைவர் கஸ்பார் சாருக்குப் போட்ட மாலை அதைவிட எடை.

58ஆம் நாள், 14:25
எனக்கு முன் இங்கே இருந்த இன்னாசியின் பெட்டியில் ஒரு சரவுண்ட் ஹெட்செட் கிடைத்தது. வேலை நேரத்தில் கேம் ஆடியிருக்கிறான், மகராசன். நன்றாக இருக்கட்டும்.

நான்கு பிளக். சவுண்ட் கார்டு கம்ப்யூட்டரின் பின்புறம், கை மட்டும் நுழையும் இடத்தில். துளைகளின் நிறம் தேய்ந்துபோயிருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செருகினேன். பச்சை, முன்பக்க ஒலி. கறுப்பு, பின்பக்கம். இளஞ்சிவப்பு, மைக். ஆரஞ்சு, நடு ஒலி. முதலில் ஆரஞ்சைக் கறுப்பின் துளையில் செருகிவிட்டுப் பத்து நிமிடம் கார்டைத் திட்டினேன். பிறகு மாற்றிச் செருகியும் சத்தமில்லை. செட்டிங்ஸில் ஸ்டீரியோ, இடமும் வலமும் மட்டும், என்றே இருந்தது. எல்லாத் தடமும் வரும் 5.1 என்று மாற்றினேன். சோதனைக் குரல் இடம், வலம், பின் என்று சுற்றி வந்து, கடைசியில் நெற்றிக்கு நேரே நின்றது.

59ஆம் நாள், 09:20
காலைத் தொடர்பு. பேசியது விண்ணரசி. நான்கு வருடம் ஒரே விடுதி அறை, ஒரே தட்டு. கட்டுப்பாட்டு அறையில் என்னோடு பேசும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள்.

"அமலு, சாப்டியாட்டி? கப்பல் ரெடி. எழுவதாம் நாள் டாண்ணு வந்து நிக்கும். மூட்டையக் கட்டி வையி."

அவள் மைக்கை அணைத்தாள். பச்சை அடங்கியது. ஆரஞ்சு அடங்கவில்லை. நெற்றிக்கு நேரே நாற்காலி நகர்ந்தது, டீ கிளாஸ் மேசையில் வைக்கப்பட்டது. கஸ்பார் சாரின் குரல்:

"கப்பல்தான் இல்லன்னு ஆயிட்டே. இன்னும் எத்தன நாளைக்கு இப்படிச் சொல்லுவ?"

"காத்து தீருத வரைக்கும் சொல்லுதேன் சார். தெரிஞ்சா பதிவ நிறுத்திருவா. ரோஷக்காரி."

59ஆம் நாள், 11:00
எப்படிக் கேட்டது என்று புரிந்துவிட்டது. விபத்து நடந்தால் யார் என்ன சொன்னார் என்று விசாரிக்க, கட்டுப்பாட்டு அறைக்குள் எப்போதும் திறந்திருக்கும் மைக் ஒன்று உண்டு. அதை நடு ஒலியில் ஏற்றிவைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். எல்லாத் தடமும் சேர்ந்துதான் மேலே வருகிறது. எனக்குக் கொடுத்தது ஸ்டீரியோ என்பதால் யாரும் அதை நிறுத்த நினைக்கவில்லை.

நான் தவறாகக் கேட்டிருக்கலாம். நாளை பார்க்கிறேன்.

60ஆம் நாள், 09:30
தவறாகக் கேட்கவில்லை.

கஸ்பார்: "நம்ம பேசுதது அவளுக்குக் கேக்காதுல்லா?"

விண்ணரசி: "ஸ்டீரியோ ஹெட்செட் சார். நாந்தான கட்டி அனுப்புனேன்."

இன்னொரு குரல்: "வெளிநாட்டுக்காரன் கப்பல் பக்கத்துலதான் சுத்துது. கேட்டாத் தருவான்."

கஸ்பார்: "கேட்டா நம்ம மானம் கப்பலேறிரும். பேசாம இரி."

விண்ணரசி டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சூடாகக் குடிக்க மாட்டாள், ஊதி ஊதித்தான் குடிப்பாள். அந்த ஊதலும் கேட்டது.

நாசமாய்ப் போக.

61ஆம் நாள், 16:10
அழுது தீர்த்தாயிற்று. அழுதால் காற்று வீணாகும். அதிர்வுகளை வழக்கம்போல அனுப்பினேன், சந்தேகம் வரக்கூடாது. நேற்றுக் காலையிலிருந்தே ஆரஞ்சில் வருவதையெல்லாம் பதிவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.

63ஆம் நாள், ஞாயிறு, 11:25
ஞாயிறு பதினொன்றுக்குக் குடும்ப நேரம். மாதா கோயில் பூசை முடிந்ததும் ஊரே பங்கு மண்டபத்தில் கூடி ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்கும். அம்மா முன்வரிசை.

ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பதிவை ஓடவிட்டேன். நாற்பது வினாடி, மானம் கப்பலேறுவது வரைக்கும். வெளிநாட்டுக் கப்பலைக் கேளுங்கள், விடாதீர்கள் என்று கத்தினேன். அந்தப் பக்கம் இரைச்சல். அம்மா "ஏ அமலு" என்றாள். தொடர்பை வெட்டிவிட்டார்கள்.

64ஆம் நாள், 09:15
விண்ணரசி: "அமலு, மன்னிச்சிருட்டி. வெளிநாட்டுக் கப்பலக் கேட்டாச்சு. கிளம்பிட்டு. எழுவத்திரெண்டாம் நாள் வந்துரும். சத்தியமா."

ஆரஞ்சைக் கவனித்தேன். சத்தமில்லை. கழற்றித் துடைத்துச் செருகினேன். சோதனைக் குரல் நெற்றிக்கு நேரே தெளிவாக வருகிறது. ஹெட்செட்டில் குறையில்லை. அங்கே அறை மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

65ஆம் நாள், 09:10
அதிர்வுப் பதிவை நிறுத்திவிட்டேன். அறை மைக்கை இணைத்தால் அனுப்புகிறேன், அம்மாவோடு பேசவிட்டால் நம்புகிறேன் என்றேன்.

விண்ணரசி: "அம்மாவுக்குப் படபடப்பா வருது, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு."

72ஆம் நாள், 09:05
"ரெண்டு நாள் லேட்டு அமலு. வந்துரும்."

74ஆம் நாள், 09:05
"ரெண்டே நாள்."

குரல் இனிமையாக இருக்கிறது. 59ஆம் நாளும் இதே இனிமைதான்.

79ஆம் நாள், 13:50
காற்று மெலிந்துவிட்டது. எழுத்து கோணுகிறது.

"கப்பல் இறங்கப்போவுது, கதவுப்பக்கம் வந்து நில்லுட்டி." காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள். கதவு வரை நடந்தால் மிச்சக் காற்றில் பாதிக்கு மேல் போய்விடும். பொய்யென்றால் திரும்பி வர முடியாது. உண்மையென்றால் போகாமல் இருக்க முடியாது.

ஆரஞ்சை இன்னொரு முறை கழற்றிச் செருகினேன். ஒன்றுமில்லை.

போகிறேன். பதிவேட்டை மேசையில் வைக்கிறேன். இதைப் படிக்கிறவரே, அவள் சொன்னது உண்மையா என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும்