கவிழாத மீன்

என் கப்பல்காரருக்கு,

நேற்று வுங் தாவ் துறைமுகத்தில் கோதுமை ஒப்பந்த விருந்து. நான்தான் மொழிபெயர்ப்பாளர். கனடாவிலிருந்து வந்த சஸ்காட்செவன் மாகாண அமைச்சர், மீனின் மேல்பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு அதைத் திருப்பிப் போடப் போனார். கடலே இல்லாத மாகாணத்துக்காரர், அவருக்கென்ன தெரியும்? லபக்கென்று கையைப் பிடித்துவிட்டேன்!

எங்கள் நிறுவன இயக்குநருக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா பண்றே? ஒப்பந்தமே போச்சு!"

அமைச்சரிடம் சொன்னேன்: "மீனைக் கவுத்தா கப்பல் கவுந்துடும்னு எங்க வியட்நாம்ல ஒரு நம்பிக்கைங்க. போன தடவை வாங்கின உங்க கோதுமையோட என் வீட்டுக்காரரும் கப்பல்ல வந்துக்கிட்டிருக்காரு."

அவர் சிரிக்கவில்லை. முள்ளைப் பதமாக உருவி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட்டார். பிறகு, "உங்க வீட்டுக்காரருக்காக!" என்று கோப்பையை உயர்த்தினார். கையெழுத்தும் போட்டார்.

நீங்கள்தான் வேண்டுமென்றே மீனைத் திருப்பிப் போட்டு என்னைக் கேலி செய்வீர்கள். இனிமேல் திருப்பிப் பாருங்கள், ஒரு மாகாணமே என் பக்கம்!

இப்படிக்கு,
உங்கள் பயந்தாங்கொள்ளி