சித்தப்பா கொண்டுவந்த இளநீர்

யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத என் அய்யாவுக்கு,

உங்கள் தம்பி, அதுதான் நம் சாயல்குடிச் சித்தப்பா, இப்போது பெரிய டாக்டர் ஆகிவிட்டார். கல்யாண வீடு, எழவு வீடு எதையும் விடுவதில்லை. "வயித்துல கத்தி வச்சாக, எங்கண்ணன் போயிட்டாரு" என்று உங்கள் சாவுக்கு விளக்கம் சொல்கிறார். கேட்கிற கூட்டமும் உச்சுக்கொட்டுகிறது. மானங்கெட்ட பிழைப்பு.

கத்தியா உங்களைக் கொன்றது? வயிற்றுப் புற்றை எடுத்த பிறகு எழுந்து வார்டில் நடந்தீர்களே. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கிட்னி பாதிதான் வேலை செய்கிறது, புண் மெதுவாகத்தான் ஆறும், தண்ணீர்கூட அளந்துதான் என்றார். இளநீர் கூடவே கூடாது. அதிலுள்ள பொட்டாசியத்தைக் கெட்ட கிட்னி வெளியேற்றாது, அது இதயத்தை நிறுத்திவிடும் என்றார். பக்கத்தில் நின்று சித்தப்பாவும் தலையாட்டினார். பூம்பூம் மாடு தோற்றது.

நான் மருந்து வாங்கப் போகிற நேரம் பார்த்து, தோப்பு இளநீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து உங்களுக்கு ஊற்றியிருக்கிறார். ஒரு நாளா, இரண்டு நாளா? நீங்களாவது வேண்டாம் என்றிருக்கலாம். தம்பி ஆசையாய்க் கொண்டுவந்தானே என்று குடித்தீர்களாம். உயிரைவிட அவர் மனம் பெரிதா, அய்யா? உங்கள் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

உங்கள் இதயம் தடுமாறி, டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு ஓடியபோது, யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் ஒத்துக்கொண்டார், அதுவும் இப்படி: "இளநி குடிச்சு எவனாச்சும் செத்திருக்கானாத்தா?"

இப்போது உங்கள் கூடப்பிறந்த திருப்புல்லாணி அத்தைக்கும் வயிற்றில் அதே கட்டி. சுகரில் கிட்னியும் கெட்டிருக்கிறது. கவனமாகப் பார்த்துக்கொண்டால் ஆபரேஷன் செய்து பிழைக்க வைக்கலாம் என்கிறார்கள். அத்தையோ சித்தப்பா பேச்சைக் கேட்டு, கத்தியே வேண்டாம் என்று படுத்துவிட்டார். நேற்றுப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அத்தை அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "இங்கனயும் ஒரு இளநிக் குலைய இறக்கி வச்சிட்டுப் போயிருக்கான்த்தா. எடுத்து வெளிய போடு. எப்பப் போகணும்?"

நாளைக்கே கூட்டிப்போகிறேன், அய்யா. வார்டு வாசலில் நான்தான் உட்காருவேன். சித்தப்பா வந்தால் தெருவோடு திரும்பட்டும். உங்களுக்காக நான் இன்னும் அழவில்லை. அத்தையை உயிரோடு வீடு சேர்த்துவிட்டு வந்து அழுகிறேன்.

உங்கள் மூத்த மகள்,
வள்ளி