நூலில் ஒரு வடாபாவ்

கல்யாண் கிழக்கு
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

அன்புள்ள ஜெனி,

நம் நூல் பொம்மையில் வடை முடிந்துவிட்டது. பச்சை மிளகாயும் முடிந்தது. பாவ்தான் பாக்கி. அது உன் பையில் இருக்கிறது.

போனை நீ எடுப்பதில்லை. மெசேஜுக்கு இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் காகிதம். நீ தாராவிக்கு, அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. முனிசிபல் பள்ளியில் படித்த தமிழ் இன்னும் கைவசம் இருக்கும் என்று நம்புகிறேன்.

நம்மோடு வண்டியில் வரும் சஃப்ரீன் தினமும் சயானில் இறங்கி தாராவி தோல்பைக் கடைக்குத்தானே போகிறாள், அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். பிறக்கப்போகும் தன் குழந்தைக்கான பரிசைப் பற்றிய கடிதத்தைத் தானே சுமந்து வருகிறாள். மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறேன். "உள்ள என்ன, ஆதார் கார்டா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தாள்.

ஜூலை பதினெட்டு அன்று வண்டியில் நம் லேடீஸ் டப்பாவில் அவளுக்கு நடக்க வேண்டிய கோத் பராயியை, அந்த வளைகாப்பை, அவளே தள்ளிப்போட்டுவிட்டாள். "ஜெனி கோ ஆனே தோ", ஜெனி வரட்டும் என்றாள். ஆனால் அவளுக்கு வேலையில் கடைசி நாள் ஆகஸ்ட் 29, வெள்ளி. அதைத் தள்ளமுடியாது.

சயான் ஸ்டேஷன் வாசலில் தினம் ஒரு வடாபாவ் தின்று வளரும் குழந்தை, அதற்கு வேறென்ன பொம்மை செய்வது என்று கேட்டவள் நீதான். நீ பாவ், நான் வடை என்று பிரித்ததும் நீதான். பாவை அனுப்பினால் முடித்துவிடுவேன். அடிப்பாகத்தில் ஏழு சுற்று பாக்கி என்று ஞாபகம்.

கூட்டம் அப்படியே. மழை அப்படியே. மாட்டுங்கா கல்லூரி நூலகத்தில் புத்தக முதுகுகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுடன்,
பிரேமலதா


தாராவி
8 ஆகஸ்ட்

பிரேமா,

இடது கையில் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். சுருக்கமாக இருக்கும்.

பாவை அனுப்ப மாட்டேன்.

நீ இவ்வளவு எழுதினாய். என் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. நானே சொல்கிறேன். மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேரவில்லை. பொம்மை பின்னும் குரோஷா ஊசி பிடிக்க வராது. ரத்தம் எடுக்கிற ஊசியும் வராது. மாட்டுங்கா லேபில் நல்ல மனிதர்கள். கை சரியாகும்வரை ரிசப்ஷனில் உட்கார், செப்டம்பர் ஒன்றாம் தேதி வா என்கிறார்கள். அதற்குப் பிறகு வேறு ஆள் எடுப்பார்கள்.

அம்மா விடவில்லை. கல்யாண் ரூம் சாவியை வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டாள். "ஓடுற வண்டியில குதிக்கிறவளுக்குத் தனி ரூம் எதுக்கு, வேலை எதுக்கு? இங்கனயே கெட" என்கிறாள்.

பிரேமாதான் ஏறச் சொன்னாள் என்றேன். நம்பவில்லை. "அந்தப் பிள்ள ஆஸ்பத்திரியில அழுதுகிட்டே சொல்லிச்சு, அவளாத்தான் குதிச்சா, நான் பாக்கவே இல்லன்னு. ஆளு இல்லாத எடத்துல அடுத்தவ மேல பழி போடாதட்டி" என்றாள்.

நீ பார்க்கவே இல்லையா?

ஜெனி


கல்யாண் கிழக்கு
12 ஆகஸ்ட்

ஜெனி,

பார்த்தேன்.

இந்த ஒரு சொல்லை எழுத நான்கு நாள் ஆனது. மீதியை எழுதிவிடுகிறேன்.

ஜூலை பதினான்கு, திங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பொம்மை முடிய வேண்டும். நின்றுகொண்டு குரோஷா போட முடியாது. சீட் வேண்டும். 8.11 ஸ்லோ லோக்கல் காலியாக பிளாட்பாரத்துக்குள் வரும்போதே குதித்தால்தான் சீட். மூன்று வருடமாக நான் குதிக்கிறேன். நீ ஒருநாளும் குதித்ததில்லை. வண்டி நின்ற பிறகு ஏறுவாய், தானே ஸ்டேஷன் வரை நின்று வருவாய். "மகாராணிக்கு வண்டி நின்னு கும்பிடு போடணும்" என்று நான் கேலி செய்வேன்.

அன்றும் சொன்னேன். "இன்னைக்காவது குதி. இல்லன்னா பாவ் மாவாவே போகும்." நீ சிரித்தாய். கைப்பிடியை இறுக்கிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாய்.

நான் குதித்தேன். இரண்டு சீட். ஒன்றில் நான், எதிரில் என் துப்பட்டா. ஜன்னல் கம்பி வழியாகக் கத்தினேன். ஏறு ஜெனி, சீட் போயிடும். நீ என்னைப் பார்த்தாய். பார்த்ததற்கும் காலைத் தூக்கியதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லப் போதுமான நேரம்.

ஈரம். கால் வழுக்கியது. கம்பியைப் பிடித்த கை முறுக்கிக்கொண்டு நீ பிளாட்பாரத்தில் விழுந்தாய். வண்டி நின்றது.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. நான் உடனே இறங்கவில்லை. துப்பட்டாவை எடுத்து மடித்தேன். நூல் உருண்டையைப் பையில் போட்டேன். ஊசி கீழே விழுந்திருந்தது, குனிந்து தேடினேன். பிறகுதான் இறங்கினேன். இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். என் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள் என்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "கூடத்தான இருந்த, யாரு அவளக் குதிக்கச் சொன்னா?" அவர்கள் கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் பொய் வந்துவிட்டது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வடையை இத்துடன் வைக்கிறேன். அது என் மேசையில் இருக்க வேண்டாம்.

கை எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பதிலுக்குப் பயந்தேன்.

பிரேமா


தாராவி
20 ஆகஸ்ட்

பிரேமா,

பிசியோதெரபி அக்கா மெத்தென்று எதையாவது அமுக்கச் சொன்னாள். நாளுக்கு நூறு தடவை. அவள் கொடுத்த பந்து கெட்டி. உன் வடை சரியாக இருக்கிறது. நேற்று எழுபது வரை போனேன். பஞ்சை நன்றாக அடைத்திருக்கிறாய். இதைத் திருப்பித் தர மாட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம். அவளுக்கு எழுத்து தெரியாது. நானாகச் சேர்த்து வாசிப்பதாகச் சொல்வாள். அது மட்டுமில்லை. நீ வாயால் சொன்னது. நீதான் வாயால் மாற்ற வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பாள். நான் மேல் அறையில் இருப்பேன். ஏணி இறங்கி வர மாட்டேன்.

குதிக்கச் சொன்னதை நான் பெரிதாக நினைக்கவில்லை. கால் என்னுடையது. துப்பட்டாவை மடித்தாய் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

பாவையும் இத்துடன் அனுப்புகிறேன். சஃப்ரீன் ஒன்றும் செய்யவில்லையே, அவளுக்குப் போகட்டும். ஏழு சுற்று இல்லை, ஒன்பது. சரியாக எண்ணு. ஓரத்தில் பிளாட்பார அழுக்கு ஒட்டியிருக்கிறது. இரண்டு தடவை துவைத்தேன். போகவில்லை.

ஜெனி


மாட்டுங்கா
29 ஆகஸ்ட், வெள்ளி

அன்புள்ள ஜெனி,

ஞாயிறன்று உன் அம்மாவிடம் நான் பேசியது உனக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் மேலிருந்து தெரியாத சிலதும் உண்டு.

"என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிருக்க" என்று சொல்லி உன் அம்மா டீ கொடுத்தார்கள். நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"அவ கீழ கெடக்கா, நீ துப்பட்டாவ மடிச்சிட்டா எறங்குன?"

"ஆமாம்மா."

டீ பாதி இருந்தது. கிளாஸை என் கையிலிருந்து வாங்கி, கொட்டி, கழுவிக் கவிழ்த்தார்கள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து சாவியை எடுத்து ஏணியின் மேல் படியில் வைத்தார்கள். "ஏட்டி, நீ சொன்னது நெசந்தான். ஒண்ணாம் தேதி வேலைக்குப் போ. வண்டி நின்ன பெறவு ஏறு." இது உனக்கு. எனக்கு, "போ" என்றார்கள். போயிட்டு வா என்று சொல்லவில்லை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மேல் அறையிலிருந்து உன் கை கீழே வந்தது. வலது கை. இரண்டு விரலால் சாவியை எடுக்கப் பார்த்தாய். நழுவி அடுத்த படியில் விழுந்தது. இன்னும் கையை நீட்டினாய். மறுபடி நழுவியது. நான் உள்ளே வரவில்லை. வந்து எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது. மூன்றாம் தடவை வந்துவிட்டது.

ஒன்பது சுற்றுதான். எண்ணிவிட்டேன். முடித்துவிட்டேன். அழுக்குப் பக்கம் அடியில் வரும்படி தைத்தேன்.

திங்கட்கிழமை முதல் நான் 7.52க்கு மாறிக்கொள்கிறேன். 8.11 உனக்கு. கதவருகில் நாலு பேர் உனக்கு இடம் விடுவார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். சஃப்ரீன் இனி சயான் வர மாட்டாள், கடிதம் கொண்டுவர ஆளில்லை. இது தபாலில் வரும். பதில் எழுத வேண்டும் என்றில்லை. நூறு வரை போனாயா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அதையும் நான் கேட்கவில்லை.

பிரேமலதா

இன்று காலை டப்பாவில் பலூன் கட்டியிருந்தார்கள். சஃப்ரீன் மடியில் பாவை வைத்தேன். திறந்து பார்த்தாள். "வடா கிதர் ஹை?" என்றாள். ஜெனியிடம் இருக்கிறது என்றேன். மூடி, பைக்குள் வைத்துக்கொண்டாள். வண்டி நின்ற பிறகு ஏறியிருந்தேன், சீட் இல்லை. மாட்டுங்கா வரை நின்றுகொண்டு வந்தேன்.