சத்தமில்லாத டிஸ்க்

மார்ச் 4
இனி நம் கடையில் செய்யும் எந்தக் கணினியிலும் சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், சிப்பிலேயே எல்லாவற்றையும் சேமிக்கும் எஸ்எஸ்டி மட்டும் போதும் என்று இன்று சொல்லிவிட்டேன். கடையில் சரிபாதிப் பங்காளி என் நாத்தனார். கைவேலையை நிறுத்தாமலே, "அண்ணி, அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேக்காது. அதை நம்பி எல்லாத்தையும் வைக்கணுமா?" என்றாள். வைக்கலாம். சுழலும் தட்டும் ஊசியும் இன்னும் எத்தனை காலத்துக்கு?

மார்ச் 9
கால்நடை மருத்துவர் வந்தார். வேனில் பட்டிதொட்டியெல்லாம் சுற்றுபவர். அவருடைய லேப்டாப்பில் டக் டக்கென்று சத்தம். குலுங்கிக் குலுங்கி ஹார்ட் டிஸ்க் அடிபட்டிருந்தது. ஸ்கேன் படங்களில் பாதிதான் மீண்டன. எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். "இதுல அசையறதுக்கே ஒண்ணும் இல்ல டாக்டர். குண்டுகுழியெல்லாம் இதுக்குத் தெரியாது."
பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 11
டாக்டர் போன் செய்தார். பொத்தானை அமுக்கிக் கையை எடுப்பதற்குள் லேப்டாப் தயாராகிவிடுகிறதாம்.

ஏப்ரல் 21
நான் மாட்டிய எஸ்எஸ்டி ஒண்ணு செத்துப்போச்சு. ஒரு முனகல் இல்லை, அறிகுறி இல்லை. மொழிபெயர்ப்பு செய்யும் ஒரு அம்மாவுடையது, அவர் முக்கால்வாசி முடித்திருந்த நாவல் அதில். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்த முதல் பாதி தப்பியது. மீதியைத் திரும்பச் செய்ய வேண்டும்.
நாத்தனார் குத்திக் காட்டுவாள் என்று பார்த்தேன். "இன்னொரு நகல் வைங்கன்னு அவங்ககிட்ட சொன்னோமா, அண்ணி?" என்றாள். இல்லை. ஏன் சொல்லவில்லை? வேகத்தில் மயங்கிவிட்டேனா?

ஏப்ரல் 22
பின்வாங்கப் போவதில்லை. வேலை எஸ்எஸ்டியில்தான். நகலுக்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்.
"நீ சொன்னதுலயும் பாதி சரி" என்றேன்.
"பாதியாவது ஒத்துக்கிட்டீங்களே."
இருவரும் சிரித்துவிட்டோம்.

ஜூன் 2
பெரிய பெரிய சர்வர் கூடங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் எஸ்எஸ்டி விலை தாறுமாறாக ஏறிவிட்டது. நாத்தனார் பழையபடி ஹார்ட் டிஸ்க்குக்கே போகலாம் என்பாள், பதில் சொல்ல வேண்டும் என்று பின்னறையில் வாதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒருவர் மகளுக்குக் கணினி கேட்டு வந்திருந்தார்.
"ஹார்ட் டிஸ்க் மட்டும் போட்டா விலை குறையும்ல?"
"குறையும் சார்" என்றாள் நாத்தனார். "ஆனா உங்க பொண்ணு தினமும் அது முன்னாடி காத்துக் கிடக்கணும். சின்ன எஸ்எஸ்டியா போட்டுக்கலாம், பின்னால பெருசாக்கலாம். வேற மாதிரி செஞ்சு தர எனக்கு மனசு வராது."
ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப்போட வெளியே போனேன்.