ஷட்டில் என்றால் அம்பாம்

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடித்த ஷட்டில் பந்து இன்று காலை சுவரைத் தாண்டி வந்து என் காலடியில் விழுந்தது. இறகு வைத்த சின்னப் பந்து. அதற்கே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "டீச்சர், ஷட்டில எடுத்துப் போடுங்க" என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்ததே நீங்கள்தானே. எண்பதுகளின் தொடக்கம், நமக்குக் கல்யாணமான புதிது. நான் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தேன். நீங்கள் அடுத்த தெரு விசைத்தறிக் கொட்டகையில் இரண்டு தறி ஓட்டினீர்கள். சாப்பிட உட்கார்ந்தவர் ஒருநாள் கேட்டீர்கள்:

"ஏட்டி, மிஷின் புஸ்தகத்துல நம்ம தறி நாடாவுக்கு ஷட்டில்னு போட்டிருக்கான். பயலுவ விளையாடுததும் ஷட்டில். அங்கனக்கும் இங்கனக்கும் போய்ட்டு வார ரயிலும் ஷட்டில். ஒரே பேர எத்தனைக்குத்தான் வைப்பான்?"

பள்ளியிலிருந்து தலையணை கனத்தில் ஓர் அகராதியைத் தூக்கி வந்து வாசித்துச் சொன்னேன். இந்த மூன்றில் மூத்தது நாடாதான். நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் போய்ப் போய் வருகிற கட்டை. அந்தப் போக்குவரத்தைப் பார்த்துத்தான் பந்துக்கும் ரயிலுக்கும் அதே பெயர். அதற்கும் முன்னால் அந்தச் சொல்லுக்கு அம்பு என்று பொருளாம், எய்வது என்ற வேரிலிருந்து வந்ததாம்.

"அப்பம் நாள் பூரா அம்பா விட்டுட்டு இருக்கேன்?" என்று சிரித்தீர்கள். நான் அகராதியை மூடி வைத்துவிட்டேன். இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு வைத்த கட்டை அது. தெறித்தால் எதிரில் இருப்பது சுவரா கண்ணா என்று பார்க்காது. கொட்டகையில் தறிக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்பதில்லை, கடந்து போகிறவர்களும் குனிந்துதான் போவார்கள். அதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவளாகத்தான் அதுவரை இருந்தேன்.

கரண்ட் போனால் முதல் வேலை கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்துவது. இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் தறி தானாக ஓடி, நாடா தடம் மாறித் தெறித்துவிடும். ஒருநாள் நான் சாப்பாட்டுத் தூக்கோடு கொட்டகைக்கு வந்தபோது கரண்ட் இல்லை. அறுந்த இழையைப் பிணைக்க ஒரு தறிமேல் குனிந்திருந்தீர்கள். அந்தத் தறியை நிறுத்தியவர், பக்கத்துத் தறியை மறந்துவிட்டீர்கள்.

கரண்ட் வந்தது. நாடா தெறித்ததை நான் பார்க்கவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு நீங்கள் உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன். விரலிடுக்கில் ரத்தம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துடைத்து முடிக்கும்வரை கண் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியவில்லை. கோமதித் தாயே, கண்ணை மட்டும் விட்டுவிடு என்று மனசுக்குள் கதறினேன். கண்ணில் படாமல் அடி புருவத்தோடு போயிருந்தது.

"அம்பு குறி தப்பிட்டுட்டி, பாத்தியா?" என்றீர்கள்.

"வாயக் கழுவுங்க" என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன்.

தையல் பிரித்ததும் திரும்பத் தறிக்கே போனீர்கள். போகாதீர்கள் என்று அழுததற்கு, "பயந்தா சோறு வருமாட்டி?" என்றீர்கள். அதற்குப் பிறகு விடுமுறை நாளெல்லாம் கொட்டகைச் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டுதான் சமைத்தேன். சத்தம் ஓடினால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். நின்றால் வாசலுக்கு ஓடுவேன்.

கடைசியில் தறி உங்களை ஒன்றும் செய்யவில்லை. வயசாகி, காய்ச்சலில், என் மடியில்தான் போனீர்கள். இனி எதற்குப் பயம் என்று நினைத்தேன். அது போகவில்லை. அடுத்த தெருவில் தறிச்சத்தம் நின்றால் இப்போதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் இல்லை என்பது அங்கே வந்து நின்ற பிறகுதான் நினைவுக்கு வருகிறது.