களத்துமேட்டுக்குக் கிளப்புக்காரர்கள் வருகிறார்கள்

முசியே,

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக மேலோகத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் என் டென்னிஸ் வாத்தியாரான தங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று விடியற்காலை வில்லியனூர்க் களத்துமேட்டில், பெயர் ஊர் தெரியாத வெள்ளாடு ஒன்று நம் டென்னிஸ் வலையின் மேல்பட்டியைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆடு நலம். குற்றவாளி, என் ஜோடி ஆட்டக்காரனான பாகூர் சவரி. வெள்ளைப் பட்டி விறைப்பாக நிற்க வேண்டுமென்று நேற்று சாயங்காலம் அதற்கு அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்தவன் அவன்தான். "துணிக்குக் கஞ்சி போட்டியா, ஆட்டுக்குக் கஞ்சி ஊத்துனியாடா?" என்று கேட்டேன். இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

மீதி வலைக்குக் காவலாகக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தரையை இப்போதுதான் மெழுகினோம், வடக்கு மூலை மட்டும் பாக்கி. மார்கழிப் பனியில் ஈரச் சாணியின் வாசனை எழும்புகிறது. இந்த வாசனை வந்தால் முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன், பின்னால் நீங்கள் நிற்பது போல.

சவரி எதற்குக் கஞ்சி போட்டான் என்று கேட்பீர்கள். அதுதான் சேதி. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி டென்னிஸ் கிளப்புக்காரர்கள் வருகிறார்கள். இங்கே, நம் களத்துமேட்டுக்கு, வெள்ளை ஜோடும் வெள்ளைத் தொப்பியுமாக, இந்தச் சாணித் தரையில் ஆட. ஆயுசெல்லாம் நீங்கள் கேட்டும் நடக்காதது இப்போது நடக்கப் போகிறது. யாரால் என்று ஊரில் விசாரித்தால் என் பெயரைச் சொல்வார்கள். நேற்று டீக்கடையில் எனக்கு இலவசமாக ஒரு வடை கிடைத்தது என்பதையும் இங்கே பணிவோடு குறிப்பிடுகிறேன்.

உங்களிடம் நான் முதலில் வாங்கியது மட்டை இல்லை, சாணிக் கூடை. காலேஜில் சேர்ந்த புதிதில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டென்னிஸ் ஆட வேண்டும் என்று வந்து நின்றேன். மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"எந்த ஊருடா?"

"வில்லியனூரு, முசியே."

"சாணி மிதிக்கத் தெரியுமா?"

டென்னிஸில் இது ஏதோ பிரெஞ்சு அடி போல என்று நினைத்து, "நல்லாத் தெரியும்" என்றேன். மறுநாள் விடியும்போது முழங்கால் வரை பச்சையாக நின்றேன். புதுச்சேரித் தெருக்களிலிருந்து வந்த பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள்தான், கொம்யூன்களிலிருந்து, அதாவது சுற்றுக் கிராமங்களிலிருந்து, ரயிலிலும் கட்டைவண்டியிலும் வருகிறவர்கள். காலேஜ் டீம் என்று பெயர், பார்த்தால் நடவுக்குப் போகிற கூட்டம் போல இருப்போம்.

காலேஜுக்குச் சொந்தமாக டென்னிஸ் தரை இல்லை. அதனால் நீங்கள் களத்துக்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள். அறுப்புக்கு முன் களத்தை மெழுகிக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொடுப்பது நம் பொறுப்பு. தை பிறந்து கதிர் வந்து இறங்கும்வரை களம் நமக்கு, அப்புறம் நெல்லுக்கு. அங்கே அவர்கள் நெல் அடித்தார்கள், நாங்கள் பந்து அடித்தோம், நீங்கள் எங்களை அடித்தீர்கள். களம் யாரையும் சும்மா விடவில்லை.

நீங்கள் டென்னிஸுக்கு வந்த கதையை நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிரில் வாத்தியாராகத்தான் சேர்ந்தீர்களாம். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் தலைமை வாத்தியார் ஒருவர் மூன்று மட்டைகளை உங்களிடம் கொடுத்து, கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள் என்றாராம். "சும்மா வச்சா அரிக்கும். ஆடினா அரிக்காது. அதான் ஆடினேன்" என்பீர்கள். என் சித்தப்பா டீமில் இருந்தபோதும் நீங்கள்தான் பயிற்சியாளர், நான் வந்தபோதும் நீங்கள்தான். இடையில் மாறியது உங்கள் மீசையின் நிறம் மட்டும். காலேஜ் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் கப்புகளுக்கு இடம் போதாமல் பூகோள உருண்டையை எடுத்து வெளியே வைத்தார்கள். உலகத்தையே வெளியேற்றியவர் நீங்கள் என்று நான் சொன்னபோது, சிரிக்காமல் களத்தைச் சுற்றி ஓடவிட்டீர்கள். நான் ஓடும்போது நீங்கள் சிரித்ததைச் சவரி பார்த்திருக்கிறான்.

இந்த வலையின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். வீராம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம் வலை பின்னச் சொல்லப் போனீர்கள். "இன்னா மீனுக்கு?" என்று அவர் கேட்டாராம். நீங்களும் வேடிக்கையாக, "வெள்ளை மீனு. உருண்டையா இருக்கும், ரொம்ப வேகமா வரும்" என்றீர்களாம். அவர் சுறாவுக்குப் பின்னிக் கொடுத்துவிட்டார். முதல் நாள் நாங்கள் அடித்த பந்தெல்லாம் கண்ணி வழியாக மறுபுறம் போனது. மறுபடி ஒரு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனீர்கள். "இத்த மொதல்லியே காட்டியிருக்கலாமே சாமி" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். மழை நாளில் இந்த வலை இன்றும் லேசாகக் கருவாடு வாசனை அடிக்கிறது.

பாயிண்டுகளைப் பிரெஞ்சில்தான் எண்ணுவீர்கள். கேன்ஸ் என்றால் பதினைந்து, த்ராந்த் முப்பது, கராந்த் நாற்பது. பக்கத்து வயலில் களை எடுத்தவர்களுக்கெல்லாம் மனப்பாடம். கரும்பு வண்டி ஓட்டுகிற மாணிக்கம் மாட்டையே "கராந்த்! கராந்த்!" என்றுதான் விரட்டுவார். மாடும் ஓடியது.

நாரத்தங்காய் விஷயம் நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டீர்கள். பந்து அளவில் ஒரு நாரத்தங்காய் எடுத்து, கோடு போடும் சுண்ணாம்பில் உருட்டி, உங்கள் பந்துக் கூடையில் போட்டேன். நீங்கள் அதையே எடுத்தீர்கள், மேலே எறிந்தீர்கள், ஓங்கி ஒரு சர்வீஸ். அது பாதி காற்றிலும் மீதி எதிரில் நின்ற சவரியின் முகத்திலும் வெடித்தது. நடந்து போனீர்கள், விழுந்த தோலைக் குனிந்து பார்த்தீர்கள்.

"கோட்டுக்கு உள்ளதான் வுழுந்துருக்கு. கேன்ஸ், எனக்கு."

"முசியே, என் கண்ணு எரியுது!" என்று சவரி அலறினான்.

"எரியட்டும். அடுத்த தபா பந்தைப் பாரு. டேய் வாயாடி, நீ இங்க வா. இது எந்த மரத்துது?"

"எங்க வூட்டுது, முசியே."

"நல்லா காய்ச்சிருக்கு. இன்னும் பத்துப் பறிச்சு உப்பு போட்டு ஊறவச்சு எட்னு வா. கடலூருக்குப் போற அன்னிக்குத் தயிர்சோத்துக்கு ஆவும்."

கடலூருக்கு அந்த ஊறுகாயோடுதான் போனோம். எல்லையில் இங்கிலீஷ்காரச் சீமைச் சுங்கச்சாவடியில் நிறுத்தினார்கள். புதுச் சரக்கு எதையோ உருண்டைக்குள் ஒளித்துக் கடத்துகிறோம் என்று அந்தச் சுங்கக்காரருக்குச் சந்தேகம். நம் நல்ல பந்து ஒன்றைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தார்.

"உள்ள இன்னாய்யா இருக்கு?" என்று நீங்கள் அமைதியாகக் கேட்டீர்கள்.

"ஒண்ணும் இல்லியே."

"காத்து இருந்துச்சு. புதுச்சேரிக் காத்து. தீர்வை போட்டுக்க."

அன்று இருந்த பழைய பந்துகளை வைத்தே கடலூரை ஜெயித்தோம். சாணித் தரையில் பந்து எழும்பாது, முழங்காலுக்குக் கீழேதான் வரும். குனிந்து குனிந்து ஆடிப் பழகிய எங்களுக்கு, அவர்கள் தரையில் இடுப்புக்கு எழும்பி வந்த பந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. திரும்பும்போது அதே சுங்கக்காரர் கப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தது. அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தீர்கள்.

இத்தனை ஜெயித்தும் உங்களுக்கு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு திருநாளுக்குப் புதுச்சேரி கிளப் நம்மைத் தன் தரையில் ஆடக் கூப்பிடும், வருஷத்துக்கு ஒரு நாள். மற்ற நாளில் அந்த கேட்டுக்குள் நாம் போக முடியாது. "ஒரு தபா எங்க களத்துக்கு வாங்க" என்று நீங்கள் கூப்பிடாத வருஷம் இல்லை. அவர்கள் சிரிப்பார்கள். கிளப்பில் ஒரு வழக்கம்: தோற்றவர்கள் ரெவான்ஷ், அதாவது மறு ஆட்டம், கேட்டு ஜெயித்தவர்களின் தரைக்கு வருவார்கள். "எங்களை ஜெயிங்க, ரெவான்ஷுக்கு வர்றோம்" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வெளியே வந்து கோட்டைக் கழற்றி மடித்துக்கொள்வீர்கள். அந்த மடிப்பில் இருந்த ஏமாற்றத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

போன வருஷம் ஏறக்குறைய ஜெயித்துவிட்டோம். கடைசி ஆட்டம் இரட்டையர், நானும் சவரியும். ஒரே பாயிண்டு பாக்கி. அவர்கள் அடித்த பந்து என் பக்கத்துக் கோட்டின் ஓரத்தில் விழுந்து தூசியைக் கிளப்பியது. வெளியே என்று கத்தினேன். சவரி மட்டையைத் தூக்கிப் போட்டுக் குதித்தான். அவர்களும் கை கொடுக்க வந்துவிட்டார்கள். ஓரத்தில் நாற்காலியில் இருந்த நீங்கள் எழுந்தீர்கள்.

"டேய், பாத்தியா?"

"வெளியதான் முசியே."

"அது எங்க வுழுந்துச்சுன்னு கேக்கல. நீ பாத்தியா?"

"தூசி..."

"பாக்கலன்னா அது அவங்களுது."

அந்தப் பாயிண்டைக் கொடுத்தோம். அதற்கப்புறம் வரிசையாகப் பாயிண்டுகளை விட்டோம். தோற்றோம். ரயிலில் யாரும் உங்களோடு பேசவில்லை. உங்கள் களத்துக்கு அவர்களை வரவழைக்கும் பந்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்களே என்று எனக்கு ஆத்திரம். நீங்கள் வேர்க்கடலை வாங்கி எல்லோர் மடியிலும் கொட்டினீர்கள். வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கும்போது, "வரட்டும்பா. எப்பிடி வரணுமோ அப்பிடி வரட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

பங்குனியில் காய்ச்சல் வந்தது. வந்தது உங்களைக் கூட்டிக்கொண்டு போயிற்று. உங்களை எடுத்துப் போன அன்று மாணிக்கம் வண்டி ஓட்டவில்லை, மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு களத்தோரம் நின்றார். நான் அழவில்லை. பந்துக் கூடையை எடுத்து, பந்துகளை ஒவ்வொன்றாக எண்ணிவைத்தேன், அவ்வளவுதான்.

சரி, ஆடு தின்ற பட்டிக்கு வருவோம். உங்கள் வீட்டம்மாவிடம் பழைய வெள்ளைத் துணி கேட்கப் போனேன். பெட்டியைத் திறந்து, போட்டிக்குப் போட்டுக்கொண்டு போவீர்களே, அந்த வெள்ளைக் கால்சட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். "வேணாம்மா, இத்தப் போயி..." என்றேன். "பெட்டியில இருந்தா கரையான் அரிக்கும்பா. எட்னு போ" என்றார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கிழித்து, நீளவாக்கில் தைத்துப் பார்த்தோம். போதவில்லை. குறை சொல்லக்கூடாது, நீங்கள் கொஞ்சம் குள்ளம். இரண்டு ஓரத்துக்கும் சவரியின் அப்பாவுடைய துண்டைச் சேர்த்து, நடுவில் மட்டும் உங்களுடையதை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காரர்கள் யாராக இருந்தாலும் உங்கள் கால்சட்டையைத் தாண்டித்தான் பந்து அடிக்க வேண்டும். இந்தத் தடவை கஞ்சி போடவில்லை.

களத்துக்காரர் மேளத்துக்குச் சொல்லியிருக்கிறார். "கிளப்பையே ஜெயிச்சு இட்டாந்துட்டியே!" என்று என் முதுகில் தட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன்.

முசியே, அந்தத் தலை இன்னும் நிமிரவில்லை. நாங்கள் யாரும் ஊருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த ஜூலையிலும் தோற்றோம். போன வருஷம் மாதிரி கௌரவமாகக்கூட இல்லை. சந்தேகப் பந்தை விட்டுக்கொடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கடைசிப் பாயிண்டில் என் சர்வீஸ் இரண்டும் நேரே போய் வலையில் விழுந்தன. பார்த்தாயா என்று யாரையும் கேட்க வேண்டாம். கிளப்பே பார்த்தது.

அவர்கள் வருவது ரெவான்ஷுக்கு இல்லை. கார்த்திகைப் புயலில் கடல் ஏறி அவர்கள் தரை முழுக்க மணலும் உப்பும். சீராக மாசி ஆகுமாம். அதுவரை ஆட இடம் தேடிய கிளப் செக்ரெத்தேர், அதாவது காரியதரிசி, இங்கே வந்து, அந்த மழைக்கும் கரையாமல் கிடந்த நம் களத்தைக் குதிகாலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பக்கத்தில்தான் நின்றேன். என் சர்வீஸைப் பற்றி அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. "யார் போட்ட தரை இது?" என்றுதான் கேட்டார்.

உங்கள் பெயரைச் சொன்னேன். டீக்கடைக்காரருக்கு வடைக் காசை நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன். இப்போது வடக்கு மூலையில் இன்னும் ஒரு கூடை மெழுக வேண்டும். கையைக் கழுவாமல் எழுதியதால் இந்தக் காகிதமும் கொஞ்சம் நாறும், உங்களுக்குத் தெரியாத நாற்றம் இல்லை.

வாயாடி