உருளைக்கிழங்கு என்று ஒரு வரி

அன்பு மகள் மொரானாவுக்கு,

இங்க ரியேகாவுல என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். மெல்போர்ன்ல நீயும் அப்படியே இருக்கணும், அங்க குளிர்காலமாச்சே, கம்பளி உள்சட்டையைப் பெட்டியிலேயே வச்சுடாதே. "நம்ம இசைக்குழுவோட சவ அடக்கத்துக்கு நான் எதுக்கு டிக்கெட் போடணும்"னு போன கடிதத்துல கேட்டிருந்தே. சுருக்குனு இருந்தது, ஆனா நியாயம்தான். நாற்பதாம் வருஷக் கச்சேரிக்கு மூணே வாரம். மெட்டு போடற உன் அப்பாவும் பாட்டு எழுதற உன் ஞானத்தந்தை ஸ்லாவெனும் பேசி ஒன்பது வருஷமாச்சு. எல்லாம் அன்னைக்கு மேடையில அப்பா அவரோட மூணாவது சரணத்தைப் பாடாம முழுங்கினதால வந்த வினை. நடுவுல டிரம்ஸ் வாசிக்கற நான் ரெண்டு பேருக்கும் தபால்காரி.

புதுப் பாட்டு இல்லாம மேடை ஏற மாட்டேன்னு அப்பாவுக்குப் பிடிவாதம், வார்த்தையும் நானே எழுதிக்கிறேன்னு வீம்பு வேற. மெட்டு ஆளை உருக்குது, வார்த்தைதான் வரலை. மெட்டு போடும்போது வார்த்தைக்குப் பதிலா சாப்பாட்டுப் பேரா போட்டுப் பாடுவாரே, அதோட நின்னுடுச்சு. பத்து நாளா வீடு பூரா "மத்தி மீனே, கீரையே, உருளைக்கிழங்கே"தான். பொறுக்காம அவருக்குத் தெரியாம போன்ல பதிவு பண்ணி ஸ்லாவெனுக்கு அனுப்பிட்டேன். அனுப்பின பிறகுதான் தோணிச்சு, இதோட குழுவே உடைஞ்சா?

ஞாயித்துக்கிழமை மதியம் மனுஷன் வாசல்ல நிக்கறார், கையில மத்தி, கீரைக்கட்டு, உருளைக்கிழங்கு. "பாட்டைக் கேட்டா பாவம் பட்டினி கிடக்கற மாதிரி இருக்கு, முதல்ல இவனுக்குச் சாப்பாடு போடுவோம்"னு நேரா சமையலறைக்குள்ள போயிட்டார். அப்பா என்னை முறைச்ச முறைப்பு இருக்கே! ஆனாலும் உட்கார்ந்து தின்னார். ரெண்டாவது மீன்ல "உப்பு பத்தலைடா"ன்னார். "உன் பாட்டுலயும்தான்டா"ன்னார் ஸ்லாவென். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதுட்டேன், சந்தோஷத்துலதான். சாயங்காலத்துக்குள்ள பாட்டு முடிஞ்சது, மூணாவது சரணத்தை அப்பாவே கேட்டு வாங்கினார். ஒரு வரிதான் பாக்கி. சின்ன வயசுல எங்ககூட நீ பின்குரல் கொடுப்பியே, அந்த இடம். மொரானா வந்து பாடினாதான் எழுத வரும்னு ஸ்லாவென் பேனாவை மூடிட்டார், அதிசயமா அப்பாவும் அவர் கட்சி. உன்னைக் கூட்டிட்டு வர யார் காரை எடுக்கறதுன்னுதான் இப்போ சண்டை.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும் கண்ணு, நல்லாயிரு. தேதி ஜூலை பதினாலு, மறந்துடாதே. நீ வரலைன்னா எட்டாயிரம் பேர் முன்னால ரெண்டு கிழவனுங்களும் அந்த இடத்துல உருளைக்கிழங்குன்னுதான் பாடுவாங்க, அதுக்கும் நான்தான் தாளம் போடணும்.

முத்தங்களுடன்
உன் அம்மா லியெர்கா